அன்னூர்க் கல்யாணத்தில் ஒரு மிட் திருகு

அன்னூர் மண்டபத்துக்குள் நுழையும்போதே சொன்னேன், கச்சேரியில் பேஸ் கிதார் வெறும் உறுமலாகத்தான் கேட்கும் என்று. அப்படியே ஆனது.

நேரே மேடைக்கு, பேஸ் கிதார் வாசித்த பெண்ணிடம் போய்விட்டேன்.

“அம்மணி, கிதார் சத்தத்தைத் திருத்துற அந்த ப்ரீஆம்ப் பெட்டியில அடிச் சத்தத்தோட பேஸ் திருகைக் குறைச்சுப்போட்டு, நடுச் சத்தத்தோட மிட் திருகைக் கொஞ்சம் ஏத்துங்க.”

அவர் திருகினார். உறுமல் அடங்கி, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் பேசியது. என் விரல்கள் வேட்டிமேலேயே வாசிக்கத் தொடங்கின. என் கிதாரை விற்று இருபது வருடமாகிறது.

“ஏனுங்ணா, நீங்க வாசிப்பீங்களா?”

“கோயமுத்தூரே ஆடிருக்குதுங்க!”

உடனே கிதாரை என் தோளில் மாட்டிவிட்டார். வாசித்தேன். பந்தியில் பாயசத்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

கிதாரை மாட்டிவிட்டதும் நான் வாசித்ததும் மட்டும் பொய்ங்க. அவர் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். ‘ஒரு தடவை குடுங்க’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?