கிட்டார் காயிலுக்கு ஒரு விலை

"சார், ஒரு பிக்கப்புக்கு என்ன வெலை சொல்லலாம்?"

எண்பதுகளில் அரியலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த கலியமூர்த்தி என்னிடம் கேட்டது. இன்று திருமானூர் பஸ்ஸில் அவர் மனைவி தனத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

பிக்கப் என்பது எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருள். திருச்சிக் கடை ஒன்று பன்னிரண்டு கேட்டிருந்தது. விலை பிடித்தால் மாதாமாதம் வாங்குவார்களாம்.

கம்பி, காந்தம், பஸ் செலவு எல்லாம் கூட்டி, மேலே லாபமும் வைத்து விலை போட்டேன். கணக்கு வாத்தியார் அல்லவா!

பக்கத்தில் தனம் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். முடியைவிட மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. அறுந்துவிடும் என்று ஃபேனைக்கூடப் போடவில்லை.

நிமிராமலே கேட்டார்: "என் கூலி எங்க சார்?"

"வூட்டு ஆளுக்கு ஏது புள்ள கூலி?" என்று சிரித்தார் கலியமூர்த்தி.

"அப்ப நீங்களே சுத்துங்க."

சுற்றினார். மூன்று முறை அறுந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கூலியையும் சேத்துடுங்க சார்" என்றார்.

விலை ஏறியது. திருச்சிக்காரர் முகம் சுளித்து எட்டு மட்டும் வாங்கினார். அதோடு சரி.

"வருத்தமாம்மா?" என்று இன்று கேட்டேன்.

"எதுக்கு சார்? பழைய வெலைக்குக் குடுத்திருந்தா அவரு மாசாமாசம் வாங்கியிருப்பாரு, நான் மாசாமாசம் சும்மா சுத்தியிருப்பேன்."

உங்கள் வீட்டில் எதையாவது செய்து விற்கிறீர்களா? செய்பவரின் கூலியை முதல் வரியில் எழுதிவிட்டு விலை போட்டுப் பாருங்கள்.