பின்சீட்டில் ஊட்டி

ஒவ்வொரு வருடமும் காலாண்டு விடுமுறை நெருங்கும்போது எங்கள் அலுவலகத்தில் யாராவது ஊட்டிப் பேச்சை எடுப்பார்கள். இரண்டாம் சீசன், கூட்டம் இருக்காது, குளிரும் அளவாக இருக்கும், பிள்ளைகளுக்கும் லீவு என்பார்கள். ஊருக்குப் போகிறேன் என்று ஏதாவது பொய் சொல்லிக் கழன்றுகொள்வேன். ஊட்டி எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் காதில் விழுந்தால் மனம் கசந்துபோகிறது.

அப்பா தர்மபுரியில் ஒரு முதலாளியிடம் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். யார் யாரையோ ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கி ஊட்டிக்குப் போய்வருவதே அவர் பிழைப்பு. அங்கே அவருக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள் வண்டி நிறுத்தும் இடங்கள்தாம். அம்மாவும் நானும் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் வரை போனதோடு சரி. எங்களையும் ஒருமுறை கூட்டிப்போகச் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஆயுத பூஜைக்கு முன்னால், அப்பா ஒரு யோசனையோடு வந்தார். ஒரு ஜவுளிக்கடைக் குடும்பம் ஒருநாள் பயணமாக வேனைப் பேசியிருந்தது. கடைசி சீட் காலி. முதலாளிக்குச் சொந்தம், ஒரு அம்மாவும் பெண்ணும், ஓரமாக உட்கார்ந்து வரட்டுமா என்று அவர்களைக் கேட்டிருக்கிறார். அவர்களும் சரியென்றுவிட்டார்கள். அந்தச் சொந்தக்காரர்கள் நாங்கள்தாம்.

"எங்கூட்டு ஆளுங்கன்னு தெரிஞ்சா, நம்ம காசுல பொண்டாட்டி புள்ளைக்கு ஊர் சுத்திக் காட்டறாம் பாருன்னுடுவாங்க. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா வேல போயிடும்" என்றார் அப்பா.

அதனால் வீட்டில் தினமும் ஒத்திகை நடந்தது. அப்பா பாயில் உட்கார்ந்து, தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு வளைவுகளில் சாய்வார். "இவரு யாரு?" என்று அம்மா கேட்பாள். "டிரைவர் அண்ணா!" என்று நான் கத்துவேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அம்மா மட்டும் எப்படிக் கூப்பிடுவது என்பதில் சிக்கல் வந்தது.

"நீயும் அண்ணான்னே கூப்டு."

"கட்டுன புருசன அண்ணான்னு கூப்டறதா? வாயத் தொறக்காமயே வந்துடறேன், போங்க" என்றாள். ஆனாலும் அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டில் எனக்கொரு ஸ்வெட்டர் இரவல் வாங்கி வந்தாள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்தாள். அவ்வளவு ஆசை அவளுக்கு.

வேனில் நான் ஒரு பிசகும் செய்யவில்லை. ஜவுளிக்கடை அம்மாள் நல்லவர். முறுக்கு கொடுத்தார். "வூட்டுக்காரரு வரலீங்களா?" என்று அம்மாவிடம் விசாரித்தார்.

"அவருக்கு வேலைங்க" என்றாள் அம்மா. முன்னால் அப்பா கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுக் கியரை மாற்றினார்.

ஊட்டிப் பூங்காவில் எல்லோரும் புல்சரிவில் உட்கார்ந்திருந்தோம். அப்பா வண்டியை விட்டுவிட்டு வந்து தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்று, நான் உருண்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ எடுக்க வண்டிக்குப் போன ஜவுளிக்கடைக்காரர் அங்கே டிரைவரைக் காணாமல் திரும்பி வந்தார்.

"வண்டிய வுட்டுட்டு இங்க என்னய்யா வேடிக்க? நீ என்ன டூரா வந்திருக்க?"

"தப்புதாங்க சார்" என்றார் அப்பா. அம்மா குனிந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை, அந்த அளவுக்கு என் வேடத்தில் தேறியிருந்தேன்.

அப்பா திட்டு வாங்கியதில் ஜவுளிக்கடை அம்மாளுக்கே மனது கேட்கவில்லை போலும். தன் போனை அப்பாவிடம் நீட்டி, "டிரைவர், இவங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுப்பா" என்றார். பூச்செடிகளின் முன்னால் நின்றோம். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். எடுத்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நாங்கள் மூவரும் ஒன்றாகப் போன ஒரே வெளியூர் அதுதான். அதில் எடுத்த ஒரே படமும் அதுதான்.

அந்த அம்மாள் படத்தைப் பார்த்து, "நல்லா வந்திருக்குதுங்க. உங்க நம்பர் சொல்லுங்க, வாட்ஸ்அப்புல அனுப்பிடறேன்" என்றார்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன். அது அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. கூட்டத்தில் தொலைந்துபோனால் சொல்வதற்கென்று அப்பா அந்த எண்ணை என்னை மனப்பாடம் செய்யவைத்திருந்தார். வண்டி பேசிய நாளிலிருந்து அந்த அம்மாள் வீட்டாரும் கூப்பிட்டுக்கொண்டிருந்த எண் அது. நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். இரண்டு மூன்று எண்கள் சொல்வதற்குள் அம்மாவின் கை வந்து என் வாயை அழுத்தி மூடியது.

"எங்கிட்ட போன் இல்லைங்க" என்றாள்.

"அட பாவமே" என்று அந்த அம்மாள் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பா வண்டியைத் திருப்பி நிறுத்தப் போய்விட்டார்.

மலை இறங்கும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை. எனக்கே தெரிந்த அப்பாவின் நம்பர் அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று அவள்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.