காவியைத் தாண்டிய சிவப்பு

கல்யாணமான மறுமாதமே மரக்காணம் உப்பளத்தில் இறங்கியவள் வைஜெயந்தி. அந்தத் தண்ணீரில் நிற்பவர்களுக்குக் காலில் வெடிப்பு இல்லாத நாளே கிடையாது. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தால்தான் ஆறும் என்று அவர்களாகவே ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். அதனால் கூடவே உப்பு வாரும் புருஷன் கார்த்திகேசன், கணுக்காலுக்கு மேலே சிவந்திருக்கிறது என்றபோது அவள் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் கால் வீங்கியது. அக்கிதான் என்று அவரே முடிவுகட்டி, அதற்கு ஊர் வழக்கப்படி குயவர் வீட்டுக்குப் போய்க் காலில் காவி மண்ணைக் குழைத்து எழுதிக்கொண்டு வந்தார். சிவப்பு முழுக்கக் காவிக்குள் மறைந்துபோனது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. பாழாய்ப்போன நிம்மதி!

விடிந்ததும் அவருக்குக் குளிர் நடுக்கம். சித்திரை மாதத்தில் இரண்டு போர்வை கேட்டார். வைஜெயந்தி காலைத் தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய பானை மாதிரி கொதித்தது. தோல் பளபளவென்று விறைத்திருந்தது. காவி பூசிய இடத்தைத் தாண்டி நாலு விரற்கடை சிவப்பு ஏறியிருந்தது.

"யோவ், தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குதா?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"அக்கின்னா சின்னச் சின்னதா கொப்புளம் வரும்யா. இதுல ஒண்ணுகூட இல்ல. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"காவி எழுதினா தண்ணி படக்கூடாது. அங்க போனா கழுவிடுவாங்க. நான் வரல."

கெஞ்சினால் மசிகிற ஆளா அவர்? வைஜெயந்தி குடத்துத் தண்ணீரைத் தூக்கி வந்து அவர் கால்மேல் அப்படியே கவிழ்த்தாள். காவி கரைந்து ஓட, முழங்கால்வரை தீயாய்ச் சிவந்து கிடந்தது கால். அதைப் பார்த்ததும் கார்த்திகேசன் தானாகவே ஆட்டோவில் ஏறினார்.

"வெடிப்பு வழியா கிருமி உள்ள போயிருக்கு. ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து," என்றார் டாக்டர். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டார். "இதத் தாண்டுதான்னு பாத்துக்குனே இருங்க."

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. வைஜெயந்தி சோறு தண்ணியில்லாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் சிவப்பு கோட்டுக்கு உள்ளே ஒரு விரல் பின்வாங்கியிருந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, வார்டே திரும்பிப் பார்க்க அழுதாள்.

"அதான் குறையுதே, இன்னும் எதுக்கும்மா அழுவுறீங்க?" என்றாள் நர்ஸ்.

வைஜெயந்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். புடவையைக் கொஞ்சம் தூக்கி, வெடித்துக் கிடந்த தன் பாதத்தை முன்னால் நீட்டினாள்.

"என் காலையும் பாரும்மா. இதுவரைக்கும் யாருகிட்டயும் காட்டுனதில்ல."