அடுத்தது எந்த ஹெலிகாப்டர், மேடம்?

ரிமோட் ஹெலிகாப்டர் விற்பதில் ஒரு வசதி உண்டு: ஒரு தடவை வாங்கியவர் கட்டாயம் திரும்பி வருவார்; உடைந்ததை எடுத்துக்கொண்டு வருவார், இல்லாவிட்டால் உடைப்பதற்கு இன்னும் பெரிதாக ஒன்று கேட்டு வருவார்.

திருச்சி தில்லைநகரில் எங்கள் கடை. முதலாளி நான், ஸ்டெல்லா. உள்ளே ரிப்பேர் மேஜையில் சாதிக் பாய். இரண்டே பேர்தான். வருகிறவர்கள் கவுன்ட்டரில் நிற்கும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "பாய், இது எவ்வளவு உயரம் போகும்?" என்று கேட்பார்கள். பாய் தலையை நிமிர்த்தாமல் ஸ்குரூடிரைவரால் என்னைக் காட்டுவார். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களும், வீட்டில் பறக்கிற பைத்தியம் ஒன்றை வைத்துக் காப்பாற்றுகிறவர்களும் இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம். நாமெல்லாம் ஒரே சாதி.

பேரனுக்குத்தான்

மாசி மாதம் ஒருநாள், ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ரங்கராஜன் சார் வந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். நெற்றியில் பளிச்சென்று திருமண், கையில் மஞ்சள் பை. பைக்குள்ளே திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை ஹெலிகாப்டர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விசிறி வைத்த ரகம். அதை ஓட்டப் பெரிய திறமை வேண்டாம். மேலே ஏற்றிவிட்டுக் கையை எடுத்தால்கூடத் தேமே என்று அந்தரத்தில் நிற்கும்.

"இதுல பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சும்மா. ஹால்லேர்ந்து கிளம்பி, தளிகை உள்ளுக்குப் போய், மிக்சியைப் பிரதட்சிணம் பண்ணிட்டு வந்துடறது. அடுத்தது எதுன்னு சொல்லுங்கோ" என்றார்.

யாருக்கு என்று கேட்டேன். ஓட்டுபவரின் வயது தெரியாமல் நான் எதையும் அலமாரியிலிருந்து இறக்குவதில்லை. சார் கூரையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பிறகு பேரனுக்குத்தான் என்றார். பேரன் எங்கே என்றால் அமெரிக்காவில். வயது என்ன என்றால் வருகிற ஐப்பசிக்குத்தான் ஒன்று முடிகிறது. பெட்டியின் மேல் பதினாலு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருப்பதைத் திருப்பிக் காட்டினேன். சார் கொஞ்சமும் அசரவில்லை.

"அதனால என்ன, அவன் அந்த வயசுக்கு வரவரைக்கும் நான் ஓட்டிப் பாத்துப் பத்திரமா வெச்சிருக்கேன்."

சின்னதா, பெரிசா

புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்ப்பார்கள். மேல் தட்டில், ஒரு முழம் நீளத்துக்கு, சிவப்பாக ஒன்று வைத்திருக்கிறேன். ரங்கராஜன் சாரின் விரலும் அங்கேயே போனது. நான் வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். "சார், இதுக்கு மேல ஒரே ஒரு விசிறி, வால்ல குட்டியா ஒண்ணு. உங்க பழைய ஹெலிகாப்டர் மாதிரி தானா நிக்காது. ஒரு பக்கம் சாஞ்சா அந்தப் பக்கமே போயிட்டிருக்கும். நீங்கதான் விரலாலேயே பிடிச்சு நிறுத்தணும், எடுத்ததுலேர்ந்து இறக்குற வரைக்கும். முதல்ல உள்ளங்கை அளவுல ஒண்ணு வாங்குங்க. இதே மாதிரி ஒத்தை விசிறிதான். சின்னது விழுந்தா எடுத்துப் பறக்க விடலாம். பெரிசு விழுந்தா பொறுக்கத்தான் முடியும்."

பெண் பார்க்கப் போன இடத்தில் தங்கையைக் காட்டியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளங்கை ஹெலிகாப்டரை வாங்கிப் போனார். அடுத்த வாரமே அது திரும்பி வந்தது. விசிறி சுற்றவில்லை. கியரில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. என்ன சார் இது என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டார். மொட்டை மாடியில் நன்றாகத்தான் எழும்பியதாம். காற்று கொஞ்சம் தள்ளியதாம். இவர் இறக்கப் பார்த்தாராம். "எங்காத்து மாடில எழுந்தருளலே. பக்கத்தாத்து மாடில கூழ் வடாம் பிழிஞ்சு வெச்சிருந்தா. நேரா அதுல எழுந்தருளிடுத்து."

பாய் அதை வாங்கி, பழைய டூத் பிரஷ்ஷால் கியரைச் சுரண்டினார். ஒரு துணுக்கை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"மேடம், மோட்டார் நல்லா இருக்கு. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

தொட்டியத்துக்குப் போன சிவப்பு

வடாம் கதை நடந்துகொண்டிருக்கும்போதே பழனிவேல் கடைக்குள் வந்தார். தொட்டியத்தில் வாழை விவசாயம், முப்பத்தைந்து வயதிருக்கும். தோப்பைப் படம் எடுக்கச் சின்னதாக ஒரு ட்ரோன் வைத்திருக்கிறவர். அடுத்தது ஹெலிகாப்டர்தான் என்று முடிவு செய்துவிட்டு வந்திருந்தார். கையும் நேரே மேல் தட்டுச் சிவப்புக்குத்தான் நீண்டது. நான் பாடத்தைத் திரும்பவும் ஆரம்பித்தேன். ட்ரோன் தன்னையே பார்த்துக்கொள்ளும், இது பார்த்துக்கொள்ளாது என்றேன். "ட்ரோன் ஓட்டுறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாக்கா?" என்று சிரித்தார். வாங்கியே தீருவேன் என்று நிற்கிறவரிடம் எவ்வளவு நேரம்தான் வேண்டாம் என்பது? மரம், மாடு, மனிதர் யாருமில்லாத வெட்டவெளியில்தான் ஓட்டுவேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு கொடுத்தேன். பெட்டி வாசல்படி தாண்டும்வரை ரங்கராஜன் சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கை வேறு உறிஞ்சினார்.

நான்கைந்து நாளில் பழனிவேல் திரும்பி வந்தார், உரச் சாக்கோடு. சாக்கைக் கவிழ்த்ததும் மேஜைமேல் ஹெலிகாப்டர் கொட்டியது. கூடவே வாழை இலைக் கிழிசல். "வெட்டவெளின்னு சொன்னேனே, பழனிவேல்?" என்றேன். "வெட்டவெளியிலதாங்கக்கா ஏத்துனேன். வெயில் தாங்கலைன்னு நான்தான் தோப்போரமா நிழலுக்கு வந்தேன். அது என் பின்னாடியே வந்துடுச்சு." நல்லவேளையாக ஆள் ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். தலைக்கு மேலே வரிசையாக மூன்று வாழையைச் சீவிவிட்டு, நான்காவதில் சொருகிக்கொண்டு நின்றிருக்கிறது. சொல்லிவிட்டு ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். பாய் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். பாதி டீ உள்ளே போனதும் பழனிவேலுக்குப் பழைய சிரிப்பு வந்துவிட்டது.

"இலை அறுக்க ஆள் கிடைக்கலைன்னு இருந்தேன், ஒரு பந்திக்கு ஆகிற அளவுக்கு அறுத்துடுச்சுங்கக்கா. என்ன, எல்லாத்தையும் நீளவாக்குல கிழிச்சிருச்சு."

மூக்கு திரும்பினால்

இதைப் பார்த்தாவது ரங்கராஜன் சாருக்குச் சிவப்பு ஆசை விடும் என்று நினைத்தேன். அடுத்த லோடில் அதே சிவப்பு வந்ததும் முதல் ஆளாக வந்து நின்றார். ஆனால் அவருக்கு ஒரு கண்டம் இருந்தது. ஹெலிகாப்டரின் வால் நம் பக்கம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை; வலது என்றால் வலது, இடது என்றால் இடது. அது திரும்பி மூக்கை நம்மிடம் காட்டியதோ, எல்லாம் தலைகீழ். வலது பக்கம் தள்ளினால் நம் கண்ணுக்கு இடது பக்கம் போகும். புதியவர்கள் எல்லோரும் கவிழ்கிற இடம் இதுதான். அதனால் சிவப்பை இறக்காமல், வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகிக்கொள்ள ஒரு சிமுலேட்டர் போட்டுக் கொடுத்தேன். அதில் எத்தனை தடவை விழுந்தாலும் ஒன்றும் உடையாது.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் அவர் மனைவி கோதை மாமி தனியாகக் கடைக்கு வந்தார். வீட்டுக் கீழ்த்தளத்தில் குழந்தைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவர். "ஸ்டெல்லா, அவர் கேட்டார்னா இனிமே ஹெலிகாப்டரே வராதுன்னு சொல்லிடேன். ஆத்துல சாத்தமுது பரிமாறினா, தட்டைப் பாக்காம ரெண்டு கட்டை விரலையும் ஆட்டிண்டு ஒக்காந்திருக்கார்" என்று குறைப்பட்டுக்கொண்டார். பேசிக்கொண்டே, அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று அதே சிமுலேட்டர் ஓடிக்கொண்டிருந்த கடை கம்ப்யூட்டரின் ரிமோட்டைக் கையில் எடுத்தார். இரண்டு தடவை தரையில் அடித்தார். மூன்றாவது தடவை திரையில் ஹெலிகாப்டர் எழும்பித் திரும்பி, மூக்கை நேராக மாமியிடம் காட்டிக்கொண்டு, ஆடாமல் நின்றது. பாய் கையிலிருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். எனக்கு அதைப் பழக ஒரு கோடை லீவு முழுக்க ஆயிற்று. எப்படி மாமி என்றேன்.

"தினமும் குழந்தைகளுக்கு எதிர்ல நின்னுண்டு, அதுகள் வலது காலைத் தூக்கணும்னா நான் இடதைத் தூக்கறேன், இது ஒரு தும்பி, இதுக்குப் போய் என்ன பயம்?"

கொள்ளிடத்து மணலில்

மாமி குறை சொல்ல வந்தவர், போகும்போது உள்ளங்கை ஹெலிகாப்டர் ஒன்றைப் புடவைக் கடைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். சாரிடம் சொல்லக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சார் மொட்டை மாடியில், மாமி கீழே வகுப்பு முடிந்த கூடத்தில். ஒரே வீட்டில் இரண்டு ஹெலிகாப்டர் ஓடியது. சாருக்கு மட்டும் தெரியாது. எனக்குத்தான் ஒரே கவலை. ரகசியம் வெளியே வந்தால் அந்த வீட்டில் என்ன ஆகுமோ, என் கடைக்கு இரண்டு பேருமே வராமல் போவார்களோ என்று.

வைகாசியில் சார் முடிவாகக் கேட்டுவிட்டார்: சிவப்பு வேண்டும். நானும் முடிவாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொள்ளிடத்து மணலுக்கு வர வேண்டும். நான் ஒரு டீ குடித்து முடிக்கும்வரை தன்னுடைய சின்ன ஹெலிகாப்டரை மூக்கு தன் பக்கம் பார்க்கும்படி அவர் நிறுத்திக் காட்ட வேண்டும். காட்டினால் சிவப்பு அவருக்கு. சார் மாமியையும் அழைத்துக்கொண்டு வந்தார், தான் ஜெயிப்பதைப் பார்க்க. நானும் பாயும் பிளாஸ்க்கோடு போனோம். ஆற்றில் ஓரமாக ஒரு கீற்றுத் தண்ணீர், மற்றதெல்லாம் மணல்.

ஹெலிகாப்டர் அழகாக ஏறியது. திரும்பியது. நான் ஒரு வாய் டீதான் குடித்திருப்பேன். அது இடது பக்கம் சாய்ந்தது. சார் பதறிப்போய் வலது பக்கம் தள்ள, இன்னும் இடது பக்கமே ஓடியது. அவர் மேலும் தள்ள, தண்ணீரைப் பார்த்துப் பறந்தது. "பெருமாளே!" என்று சார் கத்தினார். அடுத்த நொடி மாமி பக்கத்தில் வந்து அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிவிட்டார். ஹெலிகாப்டர் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தடுமாறி, நிமிர்ந்து, மூக்கைக் காட்டியபடியே மெதுவாக வந்து சாரின் செருப்புக்கு முன்னால் மணலில் இறங்கியது.

சார் திரும்பித் தண்ணீர் ஓரமாகத் தனியாக நடந்தார். மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவசரப்பட்டுட்டேன் ஸ்டெல்லா, முழுகினா முழுகட்டும்னு விட்டிருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் குடிக்காத டீயை ஊதிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சார் திரும்பி வந்தார். "எப்பலேர்ந்து?" என்றார். மாமி, "சித்திரையிலேர்ந்து" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சார் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"ஒரு மாசமா மொட்டை மாடில தனியா நின்னுண்டு திண்டாடிண்டிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கீழ எறங்கி வந்து உங்கிட்டயே கத்துண்டிருப்பேனே, கோதை!"

கடைசியில் எது

அடுத்த நாள் காலையில் கடை திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். சார் பழக்க தோஷத்தில் மேல் தட்டைப் பார்த்தார். மாமி அந்தப் பக்கமே திரும்பவில்லை. உள்ளங்கை அளவுக்கும் சிவப்புக்கும் நடுவில், அரை முழம் நீளத்துக்கு நீல நிறத்தில் ஒன்று இருந்தது. வருடக்கணக்காக யாரும் திரும்பிப் பார்க்காதது. அதைக் கீழே இறக்கச் சொல்லி, வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாய், இது உடைஞ்சா எல்லாப் பாகமும் உங்ககிட்டயே கிடைக்குமா?" என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். அடுத்த ஹெலிகாப்டர் வாங்க வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நாங்கள் கடை வைத்ததிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. "இன்ஷா அல்லாஹ், நான் இருக்குறவரைக்கும் கிடைக்கும் மாமி" என்றார் பாய்.

பெட்டியைக் கட்டிக்கொண்டே, வாரன்டி அட்டையில் ஓட்டுபவர் என்று யார் பெயரைப் போடட்டும் என்று கேட்டேன். மாமி சாரைக் காட்டினார். சார் மாமியைக் காட்டினார். பிறகு கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு, சாதிக் பாய்க்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னார்:

"வாலைக் காட்டறவரைக்கும் நான் ஓட்டுவேன், திரும்பி மொறைச்சா ரிமோட் அவ கைக்குப் போயிடும், கல்யாணம் ஆனதுலேர்ந்து ஆத்துல இப்படித்தான், இப்பத்தான் பேட்டரி போட்டு நடத்தறோம்."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: அடுத்து எந்த ஹெலிகாப்டர் என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் கடைக்கு வருகிறார்கள், அடுத்து அதை யார் ஓட்டப்போகிறார்கள் என்பது மட்டும் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது.