பெயர் சொல்லாமல் கூப்பிட்ட பேத்தி

என் பேத்தி ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள், என் கையை விடக் கொஞ்சம்தான் பெரிசாய்க் கிடந்தாள். எங்கள் வழக்கத்தில் முப்பத்தோராம் நாள் துடக்கு, அதுதான் பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழித்த பிறகுதான் பெயர் வைப்பது. மகள் பொறுக்கவில்லை. அன்றைக்கே பெட்டியில் எழுதி ஒட்டுவித்தாள்: பெர்செபொனி.

"கிரேக்கத் தெய்வம், அம்மா. பூமிக்குக் கீழ போயிட்டு, பனி கரைஞ்சு ஒவ்வொரு ஸ்பிரிங்கும் திரும்பி வாறவ."

கீழ என்றதும் பெட்டிக் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். தெரியாதது எல்லாம் எனக்குப் பயம்தான்.

நாங்கள் குடிவந்த வெக்ஸ்போர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்க மனுசி இருக்கிறா. சனிக்கிழமைகளில் தங்கள் பிள்ளைகளுக்கு மொழி படிப்பித்தவ. பெயருக்கு என்ன அர்த்தமென்று வேலியடியில் நின்று அவவிடம் கேட்டேன். அந்தப் பெயர் ஊருக்கு ஒரு விதமாய் இருந்ததாம்: பெர்செபாஸா, ஏதென்ஸில் பெரெபாட்டா. எங்கிருந்து வந்ததென்று ஒருவருக்கும் நிச்சயமில்லையாம். சாவைக் கொண்டுவாறவள் என்று சிலர், கதிர் அடிக்கிறவள் என்று சிலர்.

"நீ கதிர் என்றதை எடுத்துக்கொள்" என்றா.

பழைய சனம் பயத்தில் அந்தப் பெயரையே வாயில் எடுக்காதாம். 'கோரி' என்றுதான் சொல்லுமாம். பெட்டை, சின்னப் பெண்பிள்ளை என்று அர்த்தம்.

அது எனக்கு விளங்கியது. உடம்பில் கொப்புளம் போட்டால் நாங்களும் "அம்மாள் வந்திருக்கிறா" என்றுதானே சொல்லுவோம். அதற்குப் பிறகு பெட்டிக்குக் கிட்டப் போனால் "என்ர பெட்டைக்குட்டி" என்று மட்டும் கூப்பிட்டேன். துடக்குக் கழியட்டும், பிறகு பார்க்கலாம்.

"அம்மா, ஷீ ஹாஸ் எ நேம்! பயப்பட ஏதும் இல்லாட்டி உங்களுக்குச் சாப்பாடு செமிக்காது" என்று மகள் சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்தது அவ்வளவுதான்.

துடக்குக் கழிய முதலே ஒரு காலை டொக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். குழாய்களைக் கழற்றிப் பிள்ளையை மகளின் நெஞ்சில் கிடத்தினார்கள். மருமகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகளும் கூப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒருக்காப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ அம்மா. நீங்கள் கூப்பிட்டு அவள் கேக்கவே இல்லை."

குனிந்தேன். பழகாத பெயர், நடுவில் நாக்குத் தடக்கியது. மகள் திருத்தவில்லை.

"இன்னொருக்கா" என்றாள்.

அந்தச் சின்னக் காதடியில் திரும்பவும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாய்த்தான் வந்தது. அவளின் மூச்சு நிற்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.