வேலிதான் முதலில் வந்தது

காலை பத்து இருபதுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. சுவிஸின் லோசான் நகரில் நான் வேலை செய்யும் மருத்துவமனையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் கயல் வகுப்பிலிருந்து எழுந்து போய்விட்டாளாம். பதினாறு வயது, கைப்பேசியைக்கூட மேசையிலேயே விட்டிருக்கிறாள். "மதாம், பாடம் தோட்டத்தைப் பற்றியதுதான்," என்றார் ஜெர்மன் ஆசிரியை, எதுவும் விளங்காத குரலில்.

அந்தப் பாடம் எனக்கும் தெரியும். முதல்நாள் சாப்பிடும்போது கயல் சொன்னாள். ஜெர்மனின் கார்ட்டன், ஆங்கிலத்தின் கார்டன், சுவீடன்காரர் முற்றத்துக்குச் சொல்லும் கோர்ட் எல்லாம் ஒரே வேர். அதன் பொருள் அடைக்கப்பட்ட இடம். நாங்கள் இங்கே பேசும் பிரெஞ்சின் ஜார்தானும் அந்த வழியில் வந்ததுதான். "வேலிதான் அம்மா முதல் வந்திருக்கு. தோட்டம் பிறகுதான்." "எங்கட ஊரிலயும் அப்பிடித்தானே, அடைச்சாப்பிறகுதான் விதை," என்று சிரித்தேன். நகரசபை தந்த தோட்டத்துண்டிலும் நான் அப்படித்தான் செய்திருந்தேன். சுவிஸ்காரரின் பாத்திகள் திறந்து கிடக்க, எங்களுடையதை மட்டும் நாணல் தட்டிகளால் ஆளுயரத்துக்கு அடைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போனபோதுதான் நடந்தது தெரிந்தது. வேலி உள்ளே இருப்பதைக் காப்பதற்கு என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். காப்பதற்கென்றால் உள்ளே இருப்பவர்களை ஏன் வெளியே விடுவதில்லை என்று கயல் கேட்டிருக்கிறாள். "கரட் எங்கே போகப்போகிறது?" என்று அவர் வேடிக்கையாகச் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது.

ஊரிலிருந்து வாசிக்கும் உங்களுக்கு விளங்கும். அவருக்கு எப்படி விளங்கும்? 2009இல் கயலுக்கு ஆறு வயது. வன்னியிலிருந்து வெளியே வந்த வரிசையில் அவளுடைய அப்பாவை இராணுவத்தினர் வேறாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களை முள்ளுக்கம்பி அடைத்த முகாமுக்குள் விட்டார்கள். அப்பா வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள், தானே கண்டு கூப்பிடவேண்டும் என்று அவள் நாள்தோறும் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். அவர் வரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

மெட்ரோ நிலையங்களில் தேடினேன். ஏரிக்கரையில் தேடினேன்; தண்ணீரைப் பார்க்கவே பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் காத்திருங்கள் என்றது பொலிஸ். தோட்டம் என் நினைவுக்கே வரவில்லை.

பின்னேரம் அழைப்புமணி அடித்தது. கயல். முழங்கைவரை மண், உள்ளங்கைகளில் இரத்தம்.

"எங்கயடி பிள்ளை போனனீ?"

"தோட்டத்துக்கு. தட்டியெல்லாம் பிடுங்கிப்போட்டன் அம்மா. அப்பா வந்தால் வெளியில நிக்கவேண்டாம்."