கெங்கம்மா ரிப்போர்ட்டில் என் பேர்

1. முதல் கட்டு

ஆலங்காயம் காட்டில் பாரஸ்ட் கார்டாகச் சேர்ந்த முதல் வாரமே கெங்கம்மாவைப் பிடித்தேன். ஆம்பூர் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை இல்லாமல் தோல் பதமாகாது. பர்மிட் இல்லாமல் ரிசர்வ் எல்லைக்கல்லைத் தாண்டிப் பட்டை உரித்தால் குற்றம். என் காக்கியைக் கண்டதும் பட்டை உரித்த மற்றவர்கள் கட்டுகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவள் மட்டும் தன் பட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னா கார்டு, வேலைக்குப் புதுசா? மூச்சு வாங்குது, தண்ணி குடி" என்று சுரைக்குடுக்கையை நீட்டினாள். குடித்துவிட்டுத்தான் ரிப்போர்ட் எழுதினேன். ரேஞ்சர் எச்சரித்து அனுப்பினார். அடுத்த தடவை ஜெயில் என்றார்.

அதன்பின் நான் போன ரோந்தில் பாதி அவள் வீட்டுப் பக்கம்தான். என் அப்பா சர்ச் உபதேசியார். அவள் கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். போதாததற்கு அவள் திருடி, நான் காவல். இதை யாரிடம் சொல்வது? ஜெபத்தில் கர்த்தரிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

2. இரண்டாம் ரிப்போர்ட்

பர்மிட் கேட்டு அவள் மூன்று மனு போட்டும் ஆபீஸ் அசையவில்லை. மறுபடி ரிசர்வுக்குள் வந்தாள், மறுபடி என்னிடமே சிக்கினாள். எனக்கு அழுகை வந்தது.

"எழுது கார்டு. இத நீ மறைச்சா, நாளைக்கு உன்ன எப்டி நம்புறது?" என்றாள்.

எழுதினேன். தகப்பன் அல்லது புருஷன் பேர் என்றொரு கட்டம் வந்தது. "அப்பா செத்துட்டாரு. உன் பேர வேணா எழுதிக்கோ" என்று சிரித்தாள்.

படபடப்பில் அப்படியே எழுதியிருக்கிறேன். திருப்பத்தூர் ஆபீஸில் ரேஞ்சர் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"யாக்கோபு, இன்னாய்யா இது? புருஷன் யாக்கோபு, புடிச்ச கார்டும் யாக்கோபு! அடிச்சிட்டு ஒழுங்கா எழுது. இல்லன்னா வேல போய்டும்."

பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

"அடிக்க மாட்டேன் ஐயா. கல்யாணம் இன்னும் ஆவல, அவ்ளோதான் தப்பு."

ரேஞ்சர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். வராந்தாவில் நின்ற கெங்கம்மாவைக் கூப்பிட்டார். "ஏம்மா, இவன் சொல்றது நெசமா?"

"நான் சொன்னதத்தான எழுதியிருக்காரு."

"திருடறத வுட்டுடுவியா?"

"பர்மிட் குடுங்க, வுட்டுடறேன்."

அங்கேயே பர்மிட் எழுதினார். ரிப்போர்ட்டை எச்சரிக்கையோடு முடித்தார். என்னை மரக்கிடங்குக்கு மாற்றினார். "பொண்டாட்டி வெட்டுற காட்டுல புருஷன் காவலா? நல்லாருக்கும்யா!"

3. பந்தி

பாதிரியார் ஞானஸ்நானம் கேட்டார். பூசாரி அம்மன் சன்னதியில்தான் தாலி என்றார். கெங்கம்மா என்னிடம், "நீ உன் சாமிய வுடாத, நான் என் சாமிய வுடல. ரெண்டு சாமியும் நம்மள வுடாம இருந்தா போதும்" என்றாள். ரிஜிஸ்ட்ரார் முன்னால் கையெழுத்துப் போட்டோம். கோபித்துக்கொண்டிருந்த பாதிரியாரும் பூசாரியும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள். அன்று நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பர்மிட் கேட்டு வருகிறவர்களை அலையவிடாதீர்கள், பாதித் திருட்டு நின்றுவிடும். எங்கள் ஆபீஸ் கெங்கம்மாவுக்கு முதல் மனுவிலேயே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததற்காக நான் மட்டும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.